யார் எழுப்பியது

என் முதுகைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அன்றைக்கு நான் ஏன் அவ்வளவு அவசரப்பட்டேன் என்று யாருக்கும் புரியாது. ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவே இருபத்திரண்டு வருடமாக பைக் ஓட்டி முதுகு தேய்ந்து, கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்து பிழைக்கிறவன் நான். பெயர் சாவியோ. வயது நாற்பத்தொன்பது. ஒரு நாளைக்கு ஆறு இடம் என்று எங்கள் ஆபீஸில் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். கன்டெய்னர் டிரெய்லர் வரிசையில் மாட்டி, புழுதியைத் தின்று, போய்ச் சேர்ந்தால், "இன்னா சாவியோ, இப்பதான் வரியா" என்பார்கள். தண்ணீர் கொடுக்கத் தோன்றாது. சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடுவது ஒன்றுதான் என் தொழிலில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட வித்தை.

அந்த அலுவலகம் திருவொற்றியூரில் இருக்கிறது. கன்டெய்னர்களுக்கு ஏற்றுமதி, இறக்குமதிப் பத்திரங்கள் தயார் செய்து கொடுக்கிற இடம். ஆறு பேர், நாலு மேசை, ஒரு ஏசி. அங்கே சாபிரா என்ற பெண்ணின் கம்ப்யூட்டரில்தான் தொந்தரவு. ஒரு மணிக்கு அதைத் தூங்கவைத்துவிட்டு எல்லோரும் பின்பக்கம் சாப்பிடப் போவார்கள். திரும்பி வந்தால் திரை பளிச்சென்று விழித்திருக்கும். இரண்டு வாரமாகத் தினமும் இப்படி.

சாப்பாட்டு நேரத்தில் அந்த அறையில் இருக்கிற ஒரே ஆள் சொக்கம்மாள். ஆட்கள் எழுந்து போனால்தான் பெருக்கமுடியும் என்று, பதினொரு வருடமாக அந்த நேரத்தில்தான் அறையைப் பெருக்கித் துடைக்கிறவர். வியாசர்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். அந்த மாதம் பார்த்து இரண்டு வாடிக்கையாளர்கள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். யாரோ இங்கிருந்து விவரம் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று மேனேஜர் கிருஷ்ணப்பனுக்குச் சந்தேகம். சாபிராவின் பாஸ்வேர்டு கீபோர்டுக்கு அடியில் ஒரு சீட்டில் ஒட்டியிருந்தது.

மேசையைப் பார்த்ததுமே எனக்கு எரிச்சல் வந்தது. சாபிராவின் கை படுகிற இடம் மட்டும்தான் சுத்தம். ஒயர் மேலும் திரைக்குப் பின்னாலும் அப்படியொரு தூசி. "இங்க யாரும் தொடைக்கவே மாட்டீங்களா" என்று கத்திவிட்டு, என் ப்ளோயரை வைத்து எல்லாவற்றையும் ஊதித் தள்ளினேன். பிறகு உட்கார்ந்து, கடைசியாக இதை எழுப்பியது எது என்று கம்ப்யூட்டரிடமே கேட்டேன். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் போதும், பதில் வந்துவிடும். மவுஸ் என்று வந்தது.

"மவுஸ்தான் சார்" என்றேன். "மவுஸு தானா நகராது. யாரோ கை வச்சிருக்காங்க."

ஆறு பேரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். அங்கே சொக்கம்மாள் வாளியோடு நின்றிருந்தார். "நான் தொடல சார்" என்றார், ஒரே ஒரு தடவை. எங்கள் சர்வீஸ் ரிப்போர்ட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'ஆள் மவுஸைத் தொட்டது' என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, மணலி புதுநகருக்குக் கிளம்பினேன். அவர்கள் அந்த அம்மாளைப் பார்த்த பார்வையை நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நன்றாகப் பார்த்தேன். இதெல்லாம் நமக்கெதற்கு என்று பைக்கை உதைத்தேன்.

பத்தொன்பது நாள் கழித்து மறுபடியும் அதே இடத்துக்குச் சீட்டு வந்தது.

"இப்ப ரூமையே பூட்டிட்டுதான் சாப்பிடப் போறோம்பா" என்றார் கிருஷ்ணப்பன். "சாவி என் பாக்கெட்ல இருக்கு. வந்து பார்த்தா முழிச்சுக்கிட்டு இருக்கு. வைரஸா?"

"சொக்கம்மாக்கா எங்க சார்?"

"அன்னிக்கே நிறுத்தியாச்சு. நீதானே சொன்னே."

எல்லோரையும் சாப்பிட அனுப்பிவிட்டு, நான் மட்டும் உள்ளே உட்கார்ந்தேன். முதல் தடவையே கேட்டிருக்கவேண்டிய கேள்வியை இப்போதுதான் கேட்டேன். இந்த கம்ப்யூட்டரைத் தூக்கத்திலிருந்து எழுப்ப எதற்கெல்லாம் அனுமதி இருக்கிறது? பட்டியல் வந்தது. கீபோர்டு, மவுஸ், நெட்வொர்க் கார்டு. மூன்றே மூன்றுதான். கம்ப்யூட்டரைத் தூங்கவைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்டூலில் காத்திருந்தேன். பசி வேறு.

மெயின் ரோட்டைத் தோண்டிப் போட்டிருப்பதால் ஒரு மாதத்துக்கு மேலாக டிரெய்லர்கள் அந்தத் தெரு வழியாகத்தான் போகின்றன. எனக்கும் தெரியும், நானும் அந்த வண்டிகளைத் திட்டிக்கொண்டுதானே வருகிறேன். ஒன்று வந்தது. ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. சாபிராவின் தம்ளரில் தண்ணீர் நடுங்கியது. மேசைக்கு ஒரு கால் குட்டை. அடியில் அட்டை மடித்து வைத்திருந்தார்கள். அந்த மேசை லேசாக ஆடியது. மவுஸ் நகர்ந்ததாக என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் திரை எரிந்தது.

மறுபடி தூங்கவைத்தேன். அடுத்த வண்டி எழுப்பியது. அதற்கடுத்ததும் எழுப்பியது. நாலாவது, கன்டெய்னர் இல்லாத காலி வண்டி. அதற்கு மட்டும் எழவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, என் மேல்தான். செட்டிங்ஸுக்குள் போய், 'இந்தச் சாதனம் கணினியை எழுப்பலாம்' என்பதற்கு எதிரே மவுஸுக்கு இருந்த டிக்கை எடுத்தேன். அரை நிமிட வேலை. அதற்கப்புறம் இரண்டு வண்டி போனது, திரை இருட்டாகவே கிடந்தது. ஒரு அரை நிமிடத்தைச் செலவழிக்காமல் ஒரு மனுஷியின் வேலையைப் பிடுங்கியிருக்கிறேன்.

கிருஷ்ணப்பன் வந்ததும் சொன்னேன். "அட" என்றார். "சரி, இப்ப சரியாயிடுச்சில்ல?"

"அந்தம்மா சார்?"

"எந்தம்மா?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஓ, அதுவா. திங்கட்கிழமை வரச் சொல்லு. இப்ப வர்ற ஆளும் சரியில்ல" என்றார்.

ரிப்போர்ட்டில் எழுதினேன்: 'காரணம்: தெருவில் போகும் டிரெய்லரின் அதிர்வு. யாரும் தொடவில்லை. முன்பு நான் எழுதியது தவறு.'

"பழசையெல்லாம் ஏம்பா இழுக்கறே? உங்க ஆபீஸ்ல உன்னைத்தான் கேப்பாங்க."

"கேக்கட்டும் சார். கையெழுத்து போடுங்க."

விலாசம் சாபிராதான் கொடுத்தாள். "முழிச்சிட்டிருக்குன்னு மட்டும்தாண்ணா நான் சொன்னேன்" என்றாள், தலையைத் தூக்காமல். நானும் அந்த மாதிரி என்னவோதான் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு குடியிருப்பு, மூன்றாவது மாடி. சாயங்காலம். முதுகு விண்விண்ணென்று தெறித்தது. சொக்கம்மாள் கதவைத் திறந்து, என்னை அடையாளம் கண்டு, ஒதுங்கி வழி விட்டார். பிறகு, "உள்ள வா சார். குந்து" என்றார். தண்ணீர் கொடுத்தார். அந்த மாதத்தில் கேட்காமல் எனக்குக் கிடைத்த முதல் தண்ணீர் அதுதான்.

ரிப்போர்ட்டை நீட்டினேன். அவர் மகள் மகிழினி, கல்லூரியில் படிக்கிற பெண், வாங்கி இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னதையும் சொன்னேன். சொக்கம்மாள் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்து வந்திருந்தேன்.

"வேல கேட்டுப் போற எடத்துல எல்லாம், மின்ன இருந்த எடத்த ஏன் வுட்டன்னு கேக்கறாங்க சார்" என்றார். "இன்னான்னு சொல்றது? பத்தொம்போது நாளா வூட்லயே குந்திகினுகீறேன்."

"தப்பு என்னுதுதாக்கா. அத்த எழுப்பறதுக்கு யார் யாரால முடியும்னு கம்ப்யூட்டர்லயே ஒரு லிஸ்ட் கீது. அன்னிக்கி அத்த நான் பாக்கல."

"அந்த லிஸ்ட்ல எம்பேரு கீதா?"

"இல்லக்கா. மவுஸு பேருதான் கீது."

"அப்பால கை எங்கேர்ந்து சார் வந்துச்சு?"

"கைய நானா சேத்துக்கினேன்."

அவர் தலையை ஆட்டினார். "ஒயர் கீற டேபிளு, தொடாதன்னு சேந்த அன்னிக்கே மேனேஜர் சொன்னாரு. பதினோரு வருசமா அது மேல ஒரு துணி வச்சதில்ல நானு. அதான் அவ்ளோ தூசி. நீ வந்து அத்தயும் ஊதிட்ட."

என்னால் மகிழினியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தம்ளரைக் கீழே வைத்தேன்.

"நீ அன்னிக்கி எல்லாருக்கும் கேக்கறாப்ல தான சார் சொன்ன" என்றார் சொக்கம்மாள். குரலில் கோபமே இல்லை, களைப்புதான் இருந்தது. "இத்தயும் வந்து அப்டியே சொல்லு. பேப்பர அந்தாளு பொட்டில போட்டு மூடிடுவாரு. நீ வந்து படிச்சா, நான் வேலைக்கு வரேன்."

திங்கட்கிழமை எனக்கு மீஞ்சூரில் மூன்று இடம் சீட்டுப் போட்டிருந்தார்கள். காலையிலேயே தொடங்கினால்தான் முடியும்.

"வரேன்க்கா" என்றேன். "ஒரு மணிக்கு மேல வந்துடறேன்."

"ஒரு மணிக்கு அங்க நான் ஒருத்திதான சார் இருப்பேன்" என்றார். "பத்து மணிக்கு வா. அப்பதான் எல்லாரும் இருப்பாங்க."