தாவீதைத் தெரியும் என்றவர்

புதுவாயல் பக்கம் நாலு ஏக்கர் நிலத்தை ஒரு தொழிற்சாலைக்காரர் விலை பேசியிருந்தார். வில்லங்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலை திருவள்ளூர் வக்கீல் பராசரனிடம் வந்தது. அவர் அதைத் தம் குமாஸ்தா ஸம்பத்குமாரிடம் ஒப்படைத்தார். 1972, ஆடி மாசம்.

பத்திரங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பார்த்ததில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. கடைசியில், 1961இல் தாவீது என்பவர் கைநாட்டு வைத்து விற்ற கிரயப் பத்திரம். அதன் நகலை ரிஜிஸ்தர் ஆபீஸில் வாங்கிப் படித்தவர், கடைசி வரியை இன்னொரு முறை படித்தார். விற்பவரை நேரில் தெரியும் என்று அடையாளம் காட்டிய சாட்சி: திருவள்ளூர் ஸம்பத்குமார்.

அப்போது அவர் பொன்னேரியில் ஒரு பத்திர எழுத்தரிடம் வேலை பார்த்தார். சாட்சிக்கு ஆள் குறைந்தால் கூப்பிடுவார்கள். போய்க் கையெழுத்துப் போடுவார். அன்று எதிரே நின்றவன் முகம் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

மறுநாளே புதுவாயலுக்கு பஸ் ஏறினார். அந்த நிலத்திலேயே கூலிக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்தாள் தாவீதின் மகள் கிரேஸ். சேற்றுக் காலோடு வரப்பேறி வந்தாள்.

"எங்க நைனா அம்பத்தெட்டுலயே பூட்டாரு சாமி. செத்தவரு மூணு வருசம் கழிச்சி எப்டி வந்து கைநாட்டு வெப்பாரு? யாரோ சாட்சி சொல்லிகீறான், அத்த காட்டித்தான் நெலத்தப் புடுங்கிக்கினாங்க."

"அந்த சாட்சி நான்தாம்மா."

கிரேஸ் கையிலிருந்த நாற்று முடியை வரப்பில் வைத்தாள்.

"எங்க நைனாவ உனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அவள் திரும்பி வயலில் இறங்கிவிட்டாள்.

நடந்ததைக் கேட்ட பராசரன் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வருஷம் பேசாம இரும் ஓய். பத்திரம் ஆகிப் பன்னிரண்டு வருஷம் முடிஞ்சுட்டா அவ கேஸ் போட்டாலும் நிக்காது. உம்ம தலையில நீரே மண்ணள்ளிப் போட்டுக்கணுமா?"

அந்த யோசனை ஸம்பத்குமாருக்கு ஒரு வாரம் இனிக்கத்தான் செய்தது. பிற்பாடு கையெழுத்தைவிட அந்த ஒரு வாரத்தை நினைத்துத்தான் அவர் அதிகம் கூனிக் குறுகினார்.

எட்டாம் நாள், நிலத்துக்கு உரிமை சுத்தமில்லை என்று எழுதிக் கொடுத்தார். வேலை போயிற்று. பத்திர நகலையும், மாதா கோயிலில் கேட்டு வாங்கிய தாவீதின் அடக்கப் பதிவையும் கிரேஸிடம் சேர்த்தார். வழக்கில் அவளுக்காகக் கூண்டேறினார்.

"அப்போ நீர் பொய்க் கையெழுத்துப் போடுகிறவர்?" என்றார் எதிர்க்கட்சி வக்கீல்.

"ஆமாம். போட்டேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஸம்பத்குமாரின் தெருக்காரர்கள் நாலு பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அதற்கப்புறம் அவர் மனைவி வைஜயந்தி, கூட்டம் கலைந்த பிறகே கோயிலுக்குப் போனாள்.

1977இல் நிலம் கிரேஸுக்கே என்று தீர்ப்பானது. முதல் நடவுக்கு வரச் சொல்லித் தம்பி தானியேலை அனுப்பியிருந்தாள். ஸம்பத்குமார் போனார். புதுவாயல் கூட்டுரோட்டில் இறங்கி ஒரு டீ குடித்தார். அந்த ஒரு வாரம் நினைவுக்கு வந்தது; அவள் வரப்பில் போய் நிற்க மனம் வரவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார்.