சும்மா என்றொரு பதில்

தையல்காரியின் பத்துக்குப் பன்னிரண்டு அறை, கலவரம் நடந்த அன்று மாலை நாலு மணிக்கு நாற்பதடி நீளமானது; அதன் பிறகு சுருங்கவே இல்லை. வெளியே இருந்து பார்த்தால் அதே பழைய வீடுதான். உள்ளே போனால் தையல் மெஷின் இந்தக் கோடியில், ஜன்னல் அந்தக் கோடியில். அன்று அவள் உள்ளே விட்டது பதினேழு பேரை. நகராட்சி சர்வேயர் மூன்று முறை வந்தார், மூன்று முறையும் டேப் போதவில்லை, கடைசியில் "பழைய அளவே" என்று எழுதிவிட்டுப் போனார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஆனால் இரண்டு வாரத்தில் அது தானாகவே மூடிக்கொண்டது. ரவிக்கை தைக்க எல்லாரும் அங்கேதான் போனார்கள்.

அதே தெருவில் ஏழு வீடு முன்னால் இருந்த இன்னொரு வீடு, அதே நாளிலிருந்து சுவருக்குச் சுவர் வருஷத்துக்கு நாலு விரற்கடை சுருங்கியது. அதை யாரும் அளக்க வரவில்லை. அந்த வீட்டுப் பெண்ணுக்கு அப்போது பத்தொன்பது வயது. அன்று அவர்கள் கதவை மூன்று முறை தட்டியவள் பால்காரர் மகள். கல்லூரியில் ஒரே பெஞ்சு. "கதவைத் தொறடி, நான்தான்" என்றாள். தாழ்ப்பாளில் கை வைத்திருந்தது இவள். "சும்மா இரு" என்றார் அப்பா, அவ்வளவுதான். கையைப் பிடிக்கவில்லை, அதட்டக்கூட இல்லை. இவள் சும்மா இருந்தாள். நாலாவது தட்டு வரவில்லை. தையல்காரியின் வீட்டுக்கு இன்னும் ஏழு வீடுதான் பாக்கி, அந்த ஏழு வீட்டைப் பால்காரர் மகளால் தாண்ட முடியவில்லை. மறுநாள் வாசற்படியில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. அம்மா அதை எங்கே கொண்டுபோய்ப் போட்டாள் என்று கேட்க அந்த வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை.

தாழ்ப்பாளில் கை வைத்திருந்தவள் மனோதத்துவம் படித்தாள், பேராசிரியை ஆனாள். இனி மரியாதையாகவே சொல்லலாம். ஒருவர் கதவைத் திறக்கிறார், இன்னொருவர் திறப்பதில்லை, ஏன்? அந்த ஒரே கேள்வியை நாற்பத்தாறு கேள்விகளாக்கி, கேசட் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு முப்பது வருஷம் அலைந்தார். காப்பாற்றியவர்கள், வெட்டியவர்கள், வேடிக்கை பார்த்தவர்கள் என்று ஆயிரத்து நூற்று நாற்பது பேரைக் கேட்டார். ஜெயிலில் கேட்டார், ஆஸ்பத்திரி வார்டில் கேட்டார், பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். ஏன் செய்தீர்கள் என்றால் பாதிப் பேர் "சும்மாதான்" என்றார்கள். பதில்களை அட்டவணையில் ஏற்றிய மாணவர்களிடம் அவர் கறாராகச் சொன்னார்: "சும்மான்னா அது பதிலே இல்ல. 'பதில் இல்லை'ங்கிற கட்டத்துல டிக் போட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க." மீதிப் பதில்களை வைத்து வளர்ப்பு, துணிச்சல், இரக்கம் என்று மூன்று புத்தகங்கள் எழுதினார். வெளிநாட்டில் கூப்பிட்டு விருது கொடுத்தார்கள். அதை வைக்க வீட்டில் இடம் இல்லாததால் விருது கல்லூரியிலேயே தங்கிவிட்டது.

வீடு அதன் பாட்டுக்குச் சுருங்கிக்கொண்டிருந்தது. முதலில் சோபா போனது, பிறகு சாப்பாட்டு மேசை. அப்பா இறந்தபோது அவரை வெளியே எடுக்க ஜன்னல் கம்பியை அறுத்தார்கள். அடுத்த வருஷம் அம்மாவும் அதே வழியாகப் போனார். பேராசிரியை வாடகைக்கு வேறு வீடு போய்ப் பார்த்தார். முதல் மாதமே அதன் சுவர்களும் நகரத் தொடங்க, வீட்டுக்காரர் கும்பிடு போட்டுத் திருப்பி அனுப்பினார். கணவர் பொறுமைசாலி, பதினாறு வருஷம் முழங்காலை மடக்கிப் படுத்தார். மாற்றல் வந்தபோது பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடந்து வெளியேறினார். "உன்னைப் பிடிக்காம இல்ல. எனக்குக் காலை நீட்டிப் படுக்கணும், அவ்வளவுதான்" என்றார். திரும்பி வரவில்லை, மாதம் ஒரு கடிதம் மட்டும் வந்தது.

ஓய்வு பெற்ற பிறகுதான், கல்லூரி ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து பழைய கேசட்டுகளை முதலிலிருந்து கேட்டார். தையல்காரி சொல்லியிருந்தாள்: "சும்மாதாங்க. தட்டினாங்க, தொறந்தேன்." அடுத்த கேசட்டில், ஜெயிலில் இருந்த லாரி டிரைவர்: "சும்மாதான் மேடம் போனேன். எல்லாரும் போனாங்க." இரண்டு பேரும் ஒரே குரலில், கொட்டாவி விடுகிற மாதிரி அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைந்த கதை என்று அவருக்குத் தோன்றியது. எரிச்சலில் அழுகையும் வந்தது. நேராகத் தையல்காரியிடம் போனார். அவளுக்குக் கண் மங்கிவிட்டிருந்தது, ஆனாலும் தைத்துக்கொண்டிருந்தாள். கேட்க வந்ததை இவர் கேட்பதற்குள் அவள் கேட்டாள், "நீங்களும் இந்தத் தெருதானே. அன்னிக்கு எங்க இருந்தீங்க?"

நாற்பத்தாறில் அந்தக் கேள்வி இல்லை. "வீட்லதான்" என்றார்.

"என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?"

"சும்மா இருந்தேன்."

தையல்காரி தலையாட்டிவிட்டு ஊசியில் நூல் கோத்தாள்.

அன்றே பேராசிரியை தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்தார். இனி ஒரு தட்டுக்குத் திறக்க வேண்டும், வீடு மிச்சமிருக்கும்போதே திறந்துவிட வேண்டும், அவருக்கு வேறு ஆசை இல்லை. ஆனால் வீடு காத்திருக்கவில்லை. உட்கார்ந்து தூங்கினார், பிறகு நின்றுகொண்டே தூங்கினார். தையல்காரி இறந்தாள், அவள் மகன்கள் அந்த நாற்பதடி அறையை சிமெண்ட் குடோனுக்கு விட்டுப் பூட்டினார்கள்.

கலவரம் திரும்பி வந்தது ஒரு புதன்கிழமை, காலை பத்தரை மணிக்கு. முதல் தட்டுக்கே பேராசிரியை திறந்தார். ஒரு பஸ் கண்டக்டர், அவர் மனைவி, இரண்டு குழந்தைகள், வழியில் சேர்ந்துகொண்ட ஒரு கிழவர். "வாங்க, உள்ள வாங்க" என்றார். அவர்கள் பார்த்தார்கள். உள்ளே அவர் இருந்தார், அவரைச் சுற்றிச் சுவர் இருந்தது, அவ்வளவுதான். "குழந்தைங்களையாவது குடுங்க" என்றார். சின்னதை நீட்டினார்கள், அதன் தலைகூட நுழையவில்லை. "நான் வெளிய வந்துடறேன்" என்று முண்டினார்; தோள்கள் நிலைப்படியில் மாட்டிக்கொண்டன. தெருமுனையில் சத்தம் கேட்டது. கண்டக்டர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "பரவால்லம்மா, நீங்க பத்திரமா உள்ள இருங்க" என்று சொல்லி, தொழில் பழக்கத்தில் கதவை அழுத்திச் சாத்திவிட்டுப் போனார். அவர்களின் காலடிச் சத்தம் ஏழு வீடு வரைக்கும் கேட்டது. பிறகு குடோன் பூட்டை யாரோ பிடித்து ஆட்டுவது கேட்டது. கொஞ்ச நேரம் ஆட்டினார்கள்.

ஊர் அடங்கிய பிறகு புது சர்வேயர் வந்தார். இரண்டடிக்கு ஒன்றரை அடி. உள்ளே என்ன செய்கிறீர்கள் என்று விசாரித்ததற்கு, "சும்மாதான் இருக்கேன்" என்று பதில் வந்தது. அதை அப்படியே குறித்துக்கொண்டார். அந்த அளவை வீடு என்று எழுத விதியில் இடம் இல்லை என்பதால், பதிவேட்டில் "கதவு, குடியிருப்பவர் ஒருவர்" என்று எழுதினார். இன்றும் அப்படித்தான் இருக்கிறது. யார் தட்டினாலும் முதல் தட்டுக்கே திறக்கிறது.