பொட்டலம் சொன்ன தேதி

“அமெரிக்காவுல இருக்கற ரெண்டு கம்பெனியும் புது சிஸ்டத்த எந்தத் தேதியில வெளியாக்கப் போறாங்கன்னு, அவனுங்க மொதலாளிக்குத் தெரியறதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சிரும். நாசி லெமாக் பொட்டலத்தப் பாத்தே சொல்லிருவேன்!”

சதாசிவம் இதைச் சொன்னபோது, சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் தெப்ராவில் சாதிக் பாட்சாவின் சாப்பாட்டுக் கடையில் ஓடிக்கொண்டிருந்த மூன்று மின்விசிறிகளும் ஒரு சுற்று நின்றுவிட்டுத்தான் மறுபடியும் சுற்றின. அப்படித்தான் அவர் பிற்பாடு சொல்லிக்கொண்டு திரிந்தார். உண்மையில் நின்றது எதிரே உட்கார்ந்திருந்த ராசம்மாவின் கையிலிருந்த தே ஓ தேநீர்க் குவளை மட்டும். அது வாய்க்குப் போகும் வழியில் பாதியில் நின்றது.

“அண்ணே, போன வருஷம் வெள்ளம் வராதுன்னு சொன்னீங்க. உங்க மோட்டார் சைக்கிள் மிதந்து போயி பக்கத்துத் தாமான் வீடுங்க நடுவுல நின்னுச்சு. ஞாபகம் இருக்கா?”

“அது வானம். அதுக்கு ஓவர்டைம் கெடையாது. இது ஃபேக்டரிலா, தங்கச்சி. ஃபேக்டரி பொய் சொல்லாது.”

ராசம்மாவுக்குச் சிரிக்கிற நிலைமை இல்லை. ஒரே மகள் தேன்மொழிக்குக் கல்யாணம். கோயில் மண்டபத்தில் காலியாக இருந்த முகூர்த்த நாள்கள் இரண்டுதான்: நவம்பர் ஒன்பது, நவம்பர் இருபத்து மூன்று. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை, அக்டோபர் மூன்று. சிக்கல் மாப்பிள்ளை ரூபேந்திரனின் வேலையில் இருந்தது. சிங்கப்பூரில் ஒரு பெரிய நிறுவனத்தின் ஐயாயிரம் கணினிகளைக் கட்டி மேய்க்கிற வேலை. கணினியைத் திறந்ததும் அதற்கு உயிர் கொடுக்கிற மூல மென்பொருள் இருக்கிறதே, அதை உலகத்துக்கே செய்து கொடுப்பவை இரண்டு போட்டிக் கம்பெனிகள். பெட்டியில் போட்டிருக்கும் படத்தை வைத்து, ஒன்றை ஆந்தை என்றும் மற்றொன்றை நங்கூரம் என்றும் தெப்ராவில் சொல்வார்கள். இரண்டுமே அந்த வருடக் கடைசியில் புதுசை இறக்கப் போவதாகப் பேச்சு. தேதியைப் பற்றி இரண்டுமே மூச்சு விடவில்லை. ஒன்று சொன்னால் மற்றது முந்திக்கொள்ளுமாம். எது வெளியானாலும் அன்றிலிருந்து ஏழு நாளைக்கு ரூபேந்திரனுக்கு விடுப்பு கிடையாது. சொந்தத் தங்கையின் கல்யாணத்தையே அவன் கைப்பேசியில்தான் பார்த்தான். இப்போது அவனுடைய கல்யாணத்தையும் அவன் கைப்பேசியில் பார்க்கும்படி ஆகிவிடுமோ என்று ராசம்மாவுக்கு இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை.

“மாப்ள நெட்ல எல்லாம் பாத்துட்டாரு. நிபுணருங்க எல்லாரும் ரெண்டுமே நவம்பர் கடைசியிலதான்னு எழுதறாங்களாம். அதனால ஒம்போதாந்தேதியே வச்சிக்கலாங்கறாரு.”

“நிபுணரா! அவனுங்க எங்க பசியாறறானுங்க? நம்ம சாதிக் பாய் கடையிலயா?”

கல்லாவில் இருந்த சாதிக் பாட்சா தலையை நீட்டினார். “என்னைய எதுக்கு இழுக்கிற சதாசிவம்? நான் சோத்துக் கடக்காரன்.”

“பாய், நீங்க சோத்துக் கடக்காரர் இல்ல. நீங்க ஒரு வானொலி நிலையம்.”

பிறகு சதாசிவம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினார். முப்பத்தோரு வருடம் அவர் பக்கத்துத் தொழிற்பேட்டையில் மடிக்கணினிகளைப் பெட்டியில் போடும் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்தவர். அவர் கையால் பெட்டிக்குள் போன கணினிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவில் போய் இடித்து, நிலா கொஞ்சம் நகர்ந்திருக்கும். புது மென்பொருள் வெளியாகிற அன்றைக்கு உலகத்தின் எல்லாக் கடைகளிலும் அது ஏற்றிய கணினி இருந்தாக வேண்டும். அதற்கு முன்பே ஆலையில் ஏற்றி, பெட்டியில் போட்டு, கப்பலில் அனுப்பியிருக்க வேண்டும். அந்தச் சமயத்தில் ஆட்கள் வீட்டுக்கே போக மாட்டார்கள். ஓவர்டைம் மேல் ஓவர்டைம். யாரும் வாய் திறக்கக் கூடாதென்று கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள்.

“வாய் தொறக்க மாட்டாங்க சரி. சாப்பிடாம இருப்பாங்களா? ஓவர்டைம் ஆளுக்குப் பொட்டலம் யாரு அனுப்பறது? நம்ம பாய்!”

ஆந்தைக் கணினி போடுகிற கட்டடத்துக்குச் சிவப்பு ரப்பர் வளையம், நங்கூரக் கட்டடத்துக்குப் பச்சை. நெத்திலியும் முட்டையும் வைத்துக் கட்டிய தேங்காய்ப்பால் சோறுதான் நாசி லெமாக்; அந்தப் பொட்டலங்கள் மாறிப் போகாமல் இருக்க சாதிக் பாட்சா பல வருடமாகச் செய்துவரும் ஏற்பாடு அது. பொட்டலம் ஏறிக்கொண்டே போய், ஒருநாள் திடுதிப்பென்று இறங்கும். வேலை முடிந்து, கடைசி லோரி துறைமுகத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அன்றிலிருந்து நாற்பத்திரண்டாம் நாள் மென்பொருள் வெளியாகும். மூன்று தடவை பார்த்துவிட்டார். மூன்று தடவையும் ஒருநாள் பிசகவில்லை.

“பச்ச எறங்குனது செப்டம்பர் பதினேழு. நாப்பத்திரண்டு நாள் கூட்டு. அக்டோபர் இருபத்தொம்போது நங்கூரம். ஏழு நாளு போனா நவம்பர் நாலோட முடிஞ்சிருது. செவப்பு நேத்துதான் எறங்குச்சு, அக்டோபர் ரெண்டு. அப்ப நவம்பர் பதிமூணு ஆந்த. நடுவுல ஒம்போதாந்தேதி ஜம்முனு காலியா கெடக்கு. மண்டபத்துக்குச் சொல்லிரு!”

“ஆக, நீங்க சொன்னாலும் ஒம்போது, நிபுணர் சொன்னாலும் ஒம்போது. அப்புறம் எதுக்குண்ணே இந்த நிலா கதையெல்லாம்?” என்று ராசம்மா எழுந்து போனாள். ஆனால் ‘ஓவர்டைம் பொட்டலம்’ என்ற பேச்சு வந்தபோது அவள் முகம் ஒரு கணம் சுருங்கியதை சதாசிவம் கவனித்தார். ஏனென்று அவருக்குப் புரியவில்லை.

மறுநாள் புரட்டாசிச் சனி. சதாசிவம் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு, நேராக ராசம்மாவின் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். புரட்டாசி முழுதும் அவருக்குக் கவிச்சி கிடையாது. அந்த மாதத்தில் ராசம்மா புளிச்சோறும் சைவ மீகூன் சேமியாவும் கட்டி விற்பாள். பின்கட்டில் நறுக்கி வைத்த வாழையிலைகள் கட்டுக் கட்டாக வாடிக் கிடந்தன.

“என்ன தங்கச்சி, இவ்வளவு எல மீந்து கெடக்கு?”

ராசம்மா கரண்டியைத் துடைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “கடையில அத்தன பேரு முன்னால சொல்ல வெக்கமா இருந்துச்சுண்ணே. நானுந்தான் ஃபேக்டரிக்குப் பொட்டலம் போட்டேன். நங்கூரக் கட்டடத்துல நம்ம பொண்ணுங்கதான அதிகம். புரட்டாசி பொறந்த அன்னைக்கு முந்நூறு கேட்டாங்க. பத்து நாளு கை ஒடிய ஒடிய கட்டுனேன். திடீர்னு எம்பதுன்னு சொல்லிட்டாங்க. புளி கூடிப்போச்சா, உப்பு கொறஞ்சிச்சா, ஒண்ணும் புரியல. யாரோ என் கைப்பக்குவத்த கொற சொல்லிட்டாங்க.”

சதாசிவத்தின் வாயில் போன புளிச்சோறு போன இடத்திலேயே நின்றது.

“புரட்டாசி பொறந்தது என்னைக்கு?”

“செப்டம்பர் பதினேழு. உங்களுக்குத் தெரியாதா? நீங்கதான விரதம் இருக்கீங்க.”

“அலமாக்!”

அந்தச் சத்தத்தில் பொந்தியான் கடலோரத்தில் காய்ந்துகொண்டிருந்த கருவாடெல்லாம் திரும்பிப் படுத்தது. சதாசிவம் தன் நெற்றியில் தானே அறைந்துகொண்டார். முன்பு கணக்குப் பார்த்த மூன்று தடவையும் சித்திரையிலும் ஆனியிலும் வந்தவை. புரட்டாசியில் ஒருதடவைகூட வந்ததில்லை. பதினேழாம் தேதி பச்சை வளையம் இறங்கியது வேலை முடிந்ததால் அல்ல. முந்நூறு பெண்கள் நெத்திலியையும் முட்டையையும் விட்டுவிட்டு சைவத்துக்கு மாறியதால். தானும் அதே விரதத்தில் உட்கார்ந்துகொண்டு, அதே கடையில் வெறும் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, அந்த விரதத்தைத் தவிர மற்றதையெல்லாம் எண்ணியிருக்கிறார்!

“எம்பதுன்னு என்னைக்குச் சொன்னாங்க? தேதி சொல்லு ராசம்மா, தேதி!”

அவள் சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தாள். “இருபத்தாறு. வெள்ளிக்கெழம.”

சதாசிவம் விரல் விட்டு எண்ணினார். இரண்டு கை போதாமல் வாடிய இலைகளையும் சேர்த்து எண்ணினார். “நவம்பர் ஏழு!” என்றார். ஏழிலிருந்து ஏழு நாள். ஒன்பதாம் தேதி அதன் நட்ட நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது.

சதாசிவம் ஒரு வாடிய இலையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். எங்கேயோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தில், பூட்டிய அறைக்குள், நாலு பேர் தலையைச் சேர்த்துவைத்துப் பேசிய ரகசியம். அது கடலைத் தாண்டி வந்து, தெப்ராவில் ஒரு பொம்பளையின் பின்கட்டில் வாடிய வாழையிலையாகக் கிடக்கிறது. அதைப் பார்த்தபோது அவருக்கு உடம்பு சிலிர்த்தது. இதில் கூட்டிச் சொல்ல ஒன்றுமே இல்லையே என்று முதல்முறையாக அவருக்குத் தோன்றியது.

“தங்கச்சி,” என்றார், குரல் இறங்கி. “உன் புளிச்சோத்துல ஒரு கொறையும் இல்ல. ஓவர்டைம் முடிஞ்சிருச்சு, அவ்வளவுதான். வேல முடிஞ்ச நாளு அது. ஒம்போதாந்தேதி வேணாம்மா. இருபத்து மூணுக்கு மாத்திரு.”

“நேத்து ஒம்போதுன்னு தொண்ட கிழிய கத்துனது யாரு?”

“நான்தான். தப்பா எண்ணிட்டேன். பாதிப் பொட்டலம் பாய் கடையில இருந்துச்சு, மீதிப் பாதி உன் வீட்ல இருந்துச்சு.”

“நவம்பர் கடைசியிலதான் ரெண்டும் வரும்னு நெட்டே சொல்லுது. நீங்க சொல்றதக் கேட்டு மாத்தி, அன்னைக்கு மாப்ள வராம போனா? மணவறையில என் பொண்ணு தனியா உக்காரணுமா?” அவள் கண் கலங்கிவிட்டது. “விளையாட்டு இல்லண்ணே இது.”

“விளையாட்டு இல்ல,” என்றார் சதாசிவம். நிலாவும் வரவில்லை, கருவாடும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராசம்மா மண்டபத்துக்கு போன் செய்தாள். இருபத்து மூன்று என்றாள். ரூபேந்திரன் வீட்டில் கேட்டதற்கு, ஒன்பதாம் தேதி சமையற்காரருக்குத் தோது இல்லை என்று சொல்லிவிட்டாள். சதாசிவத்திடமும் அதையேதான் சொன்னாள். “உங்கள நம்பி ஒண்ணும் மாத்தல. தெரிஞ்சிக்கங்க.” ஆனால் அந்த இருபத்தாறாம் தேதி அவளுடைய சொந்தக் கைக்குத் தெரிந்த தேதி. அதை யார் சொல்லியும் அவள் நம்ப வேண்டியதில்லை.

அதற்கப்புறம் ஒரு மாதம் சதாசிவத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்து கிலோ இளைத்தார் என்று சாதிக் பாட்சா சொன்னார். பதினைந்து என்று சதாசிவம் சொன்னார். தீபாவளி வந்து போனது. அக்டோபர் இருபத்தொன்பது வந்தது, நங்கூரம் வரவில்லை. நவம்பர் ஐந்தாம் தேதிகூட நிபுணர்கள் மாதக் கடைசி, மாதக் கடைசி என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். அவற்றையெல்லாம் ராசம்மா ஒன்றுவிடாமல் அவருக்கு அனுப்பிவைத்தாள். கூடவே ஒரு கோபமான முகத்தையும்.

நவம்பர் ஏழு, வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. சதாசிவம் சாதிக் பாட்சாவின் கடையில் ரொட்டி சானாயைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தார். ராசம்மா தற்செயலாக வந்தவள் போல வந்து எதிரே உட்கார்ந்தாள். அவளுடைய கைப்பேசி ஒலித்தது. ரூபேந்திரன். அவள் ஒலிபெருக்கியைத் தட்டினாள்.

“அத்த, நங்கூரம் வந்திருச்சு! சொல்லாம கொள்ளாம இப்பதான் போட்டானுங்க. இங்க ஆபீசே தலைகீழா கெடக்கு. அடுத்த வெள்ளி வரைக்கும் யாரும் நகரக் கூடாதாம். நல்ல வேள அத்த, ஒம்போதாந்தேதி வச்சிருந்தா நான் தொலஞ்சேன்! அந்தச் சமையக்காரருக்கு ஒரு கும்பிடு போடணும்.”

கடை அப்படியே உறைந்துபோனது. ரொட்டி வீசிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து மேலே போன மாவு கீழே வர மறந்தது. சாதிக் பாட்சா கல்லாவை விட்டு எழுந்து வந்து, சதாசிவத்தைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். “யா அல்லாஹ்,” என்றார் மெதுவாக. “என் கடைப் பொட்டலமா இதச் சொல்லுச்சு?”

ராசம்மா சதாசிவத்தின் தட்டில் ஆறிப்போயிருந்த ரொட்டியை அகற்றிவிட்டு, சூடாக ஒன்று போடச் சொன்னாள்.

பதின்மூன்றாம் தேதி ஆந்தையும் வந்தது. இருபதாம் தேதி ரூபேந்திரன் சிங்கப்பூர்ப் பாலத்தைத் தாண்டி வந்து சேர்ந்தான். இருபத்து மூன்றாம் தேதி தாலி கட்டினான்.

பந்தியில் சதாசிவம் தன் கதையை லாபிஸிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா மதிவாணனிடம் விரித்துக்கொண்டிருந்தார். பொட்டலத்தை மூன்று கல் தொலைவிலிருந்தே முகர்ந்து பார்த்ததும், ஆந்தைக் கம்பெனி முதலாளி அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டு ‘ஐயா, தயவுசெய்து வெளியே சொல்லாதீங்க’ என்று அழுததும் அதற்குள் கதையில் சேர்ந்துவிட்டன. மதிவாணன் பாயசத்தைக் கீழே வைத்துவிட்டு, பரிமாறிக்கொண்டு வந்த ராசம்மாவை நிறுத்தினார்.

“ஏம்மா சம்பந்தி, இந்த மனுசன் என்னென்னமோ அளக்கறாரே. இதுல ஒரு வார்த்தையாச்சும் நெசமா?”

பந்தி முழுதும் அவள் முகத்தைப் பார்த்தது. சதாசிவம் அப்பளத்தைக் கடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

“மூணு கல்லு தூரம் மோந்து பாத்தது பொய்யி,” என்றாள் ராசம்மா. “அமெரிக்காக்காரன் அழுததும் பொய்யி. சமையக்காரருக்குத் தோது இல்லன்னு நான் சொன்னேனே, அதுவும் பொய்யிதான்.” வாளியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “ஆனா ஒரு மாசத்துக்கு முன்னாடியே என் வீட்டுப் பின்கட்டுல உக்காந்து ஏழாந்தேதின்னு சொன்னாருங்க. வந்துச்சு. பதிமூணுன்னாரு. அதுவும் வந்துச்சு. நான் ஒரு நாளும் நம்பல. ஆனா நடந்துச்சு.”