வாசல்தோறும் வேப்பிலை

கேளுங்கள் கண்ணுகளா. பின்னாளில் மலாக்கா சட்டமன்றத்தில் உட்கார்ந்து சுகாதாரத்தைக் கவனித்த சாமிநாதன், ஜப்பான்காரன் காலத்தில் வெறும் சுகாதார இன்ஸ்பெக்டர்தான். கொசு அண்டாமல் சாக்கடைக்கு எண்ணெய் ஊற்றுவது, அம்மை கண்ட வீட்டை அதிகாரிக்குச் சொல்வது, இதுதான் வேலை.

அப்போது சயாம் ரயில் பாதை போட ஆம்பளைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மலாக்காவின் காஜா பேராங் தெருவில் கோகிலாவின் புருஷன் பரண்மேல் ஒளிந்திருந்தான். அவள் அழுதது பொறுக்காமல் சாமிநாதன் சொன்னார்:

"வாசல்ல வேப்பிலை கட்டும்மா. அம்மை வீடுன்னு நான் சொல்லிடுறேன். ஜப்பான்காரன் உள்ளே காலெடுத்து வைக்கமாட்டான்."

மறுநாள் ஆள் பிடிக்கும் லாரியில் ஜப்பான் அதிகாரியோடும் சிப்பாய்களோடும் வந்து இறங்கியவர் தெருவைப் பார்த்தார். ஒரு வாசல் பாக்கியில்லை. தெரு முழுக்க வேப்பிலை.

கோகிலா பக்கத்தில் வந்து முணுமுணுத்தாள்.

"ஆத்தா எங்க வீட்டுக்கு மட்டும் வந்தா மத்தவங்க கோவிச்சுக்க மாட்டாங்களா ஐயா? அவங்க வீட்டுலயும் ஆம்பளைங்க இருக்காங்களே."

அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டான். இத்தனை வீட்டிலும் அம்மையென்றால் தெருவையே கொளுத்திவிட வேண்டியதுதான் என்று மலாயில் சொன்னான். சாக்கடைக்கென்று சாமிநாதன் கொண்டுவந்த எண்ணெய் டின்களையே இறக்கச் சொன்னான்.

அம்மை உண்டென்றால் வீடுகள் சாம்பல், பரணில் இருப்பவர்களும் சேர்ந்து. இல்லையென்றால் அவர்கள் சயாமுக்கு. தான் பேசியது அவருக்கே யாரோ பேசியதுபோல் கேட்டது.

"அம்மை இல்லை துவான். நான் சொன்னது பொய்."

கன்னத்தில் விழுந்த அறையில் தரையில் சரிந்தார். எழுந்து பார்த்தால், சிப்பாய்கள் உள்ளே நுழையுமுன் ஆம்பளைகள் தாங்களாகவே வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கோகிலாவின் புருஷன் அவரைத் தாண்டும்போது, "வீடு நிக்குதுல்ல ஐயா, போதும்," என்றான்.

சாக்கடைக்கு ஆள் வேண்டுமென்று சாமிநாதனை மட்டும் விட்டுவிட்டார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. லாரியில் போன ஒருவரும் திரும்பவில்லை.

சண்டை ஓய்ந்து, வருஷங்கள் ஓடி, தேர்தல் வந்தது. ஊரெல்லாம் ஓட்டுக் கேட்டவர் அந்தத் தெருவுக்கு மட்டும் போகவில்லை. ஜெயித்தபின் கோகிலாவே ஆபீசுக்கு வந்து நின்றாள். அவர் எழுந்தார்.

"எங்க தெருவே உங்களுக்குத்தான் போட்டுச்சு," என்றாள். "நல்ல தண்ணி இல்ல ஐயா. பிள்ளைங்களுக்கு வயித்தால போகுது. வந்து பாருங்க."

அவர் மறுபடி உட்காரவில்லை. அவள் பின்னாலேயே நடந்தார்.