பின் வரிசைக்குப் போன தாய்மாமன்

என் வீட்டுக்காரர் தருமலிங்கத்துக்குத் தண்ணீரில் பயமே கிடையாது. பழவேற்காட்டு முகத்துவாரத்தில் அலை புரளும் நாட்களில் மற்றவர்களின் படகெல்லாம் கரையில் ஏறிக் கிடக்கும். இவர் மட்டும் கடலுக்குள் போய்விட்டு, வெற்றிலை வாங்கக் கடைக்குப் போனவர் மாதிரி திரும்பி வருவார். அப்படிப்பட்ட மனிதர், போர்ட் பிளேருக்கு விமானத்தில் போக வேண்டும் என்றதும் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போர்த்திப் படுத்துக்கொண்டார். எங்கள் ஊர் பசியாவரத்தில் ஒருவரும் முதலில் இதை நம்பவில்லை. நான் சொல்லித்தான் நம்பினார்கள். கேட்காதவர்களுக்கும் கூப்பிட்டுச் சொன்னேன்.

விஷயம் இதுதான். இவருடைய தங்கை சாந்தியை அந்தமானில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். தகப்பன் இல்லாத பெண், இவர் தோளில் வளர்ந்தவள். அவளுடைய மகளுக்கு முடி இறக்கிக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்த மடியோ ஏரிக்கரையை விட்டு நகர மறுத்தது. கப்பலில் போய்விடலாம் என்று பார்த்தால், கப்பல் பழுது பார்க்கப் போய் மாதக்கணக்காகிவிட்டது. எப்போது திரும்பும் என்று சொல்ல ஆளில்லை. போனில் குழந்தையின் படம் வரும்போதெல்லாம் முடிக்குள் முகத்தைத் தேட வேண்டியிருந்தது.

பயம் என்று முதலில் அவர் வாய் திறக்கவில்லை. அன்றைக்கு என் பாடு என்று சொல்லி நழுவினார். எங்கள் ஏரியில் நினைத்தவர் நினைத்த நாளில் வலை கட்ட முடியாது. இறால் ஓடும் இடத்துக்குப் பாடு என்று பெயர். எந்தக் குடும்பத்துக்கு எந்த நாள் என்று ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். தன் நாளைத் தவற விட்டவன் அடுத்த சுற்று வரும்வரை கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியதுதான். அதனால் பாடு என்று ஒருவர் சொன்னால் எதிர்த்துப் பேச முடியாது. சாந்தி எந்தத் தேதியைச் சொன்னாலும் சரியாக அந்தத் தேதியில் இவருக்குப் பாடு வந்தது. நானும் சீட்டின் மேல்தான் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் பழவேற்காடு மீன் சந்தையில் பக்கத்து வீட்டு ராஜேந்திரன் என்னை நிறுத்தி, உன் வீட்டுக்காரர் எதற்காக என் நாளைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு அவருடைய நல்ல நாளை எனக்குக் கொடுத்தார் என்று கேட்டான். விசாரித்தால், இந்த மனிதர் ஊரில் பாதிப் பேரிடம் நாள் மாற்றியிருக்கிறார். தங்கை தேதி சொல்லச் சொல்ல, அந்தத் தேதி யாருடைய பாடோ அவரிடம் போய் நின்றிருக்கிறார். இறால் குவியும் நாளைக் கொடுத்துவிட்டு நண்டுக்குஞ்சு கூட வராத நாளை வாங்கியிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் கூடையைச் சந்தையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். பிறகு கூடைக்காகத் திரும்பப் போனேன், அது வேறு கதை.

அன்றைக்குத்தான் உண்மையைச் சொன்னார். வலையைப் பிரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"படகு கவுந்தா நீந்தலாம் காந்தா. அது கவுந்தா இன்னா பண்றது?"

 நாள் மாற்றியதற்குத் திட்டியதை விட இன்னும் சத்தமாகத் திட்டினேன்.

வாத்தியார் வீரராகவனிடம் சொன்னால் புத்தி சொல்வார் என்று அழைத்துப் போனேன். பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கல்லறைக்குப் பக்கத்தில்தான் அவர் வீடு. வாசல் தூணில் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறார்களே, அந்தக் கல்லறைதான். பயந்தவரை அழைத்துப் போக நல்ல இடம்தான் பார்த்தேன். வாத்தியார் பொறுமையாக எடுத்துச் சொன்னார். விமானத்தை ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்த்துத்தான் கிளப்புவார்கள், ஓட்ட இரண்டு பேர் இருப்பார்கள், ஒரு இயந்திரம் நின்றாலும் இன்னொன்றை வைத்து இறக்கிவிடுவார்கள் என்றார். கணக்குப் பார்த்தால் விமானத்தில் போவதை விடப் பொன்னேரிக்குப் பஸ்ஸில் போவதுதான் ஆபத்து என்று முடித்தார். இவர் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். அன்றையிலிருந்து பொன்னேரி பஸ்ஸில் ஏறுவதையும் நிறுத்திவிட்டார்.

நானும் என்னால் முடிந்ததைச் சொன்னேன். அந்தக் கல்லறையில் படுத்திருக்கிற ஒல்லாந்தர் அத்தனை பேரும் கப்பலில் வந்தவர்கள், விமானத்தில் வந்தவர் ஒருவராவது அங்கே இருக்கிறாரா என்று கேட்டேன். அதற்கு இவர், விமானத்தில் போனவர்களைப் புதைக்க எதுவும் கிடைத்திருக்காது என்றார். இந்த மனிதரோடு பேசி யார் ஜெயிப்பது?

பிறகு சாந்தியிடமிருந்து அந்தப் போன் வந்தது. அவள் சண்டை போட்டிருந்தால் எனக்குக் கஷ்டமாக இருந்திருக்காது. அமைதியாகப் பேசினாள். அவளுடைய மாமியார் இந்த மாதக் கடைசியில் நாள் குறித்துவிட்டாராம். மாமன் வராவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்கிறாராம்.

"எனக்கு அண்ணன் இல்லைன்னு அவங்களாவே முடிவு பண்ட்டாங்கண்ணா" என்றாள்.

போனை வைத்ததும் இவர் அழுதார். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் அழுது பார்த்ததில்லை. அழுகைக்கு நடுவிலும், ஏறுகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. எனக்குப் பாவமாகவும் இருந்தது, மண்டையில் ஒன்று போடலாம் போலவும் இருந்தது.

நேராக ஊர்ப் பெரியவர் பெரியசாமியிடம் போனேன். நாள் மாற்றிய கூத்தையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். இப்படிப் பாட்டைச் சாக்காக வைத்து ஒருவர் தங்கையை ஏமாற்றினால் அது ஊருக்கு அழகா என்று கேட்டேன். மனிதர் மீசைக்குள் சிரித்தார். அன்று சாயங்காலமே ஊரைக் கூட்டி, காது குத்து முடிகிறவரை தருமலிங்கத்துக்குப் பாடு கிடையாது, அவருக்கு யாரும் நாள் மாற்றித் தரவும் கூடாது என்று சொல்லிவிட்டார். இப்படி ஒரு கட்டுப்பாடு எங்கள் ஊரில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அத்தனை பேரும் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு தலையாட்டினார்கள். ராஜேந்திரன் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து போய்விட்டான்.

பாடும் இல்லாமல் சாக்கும் இல்லாமல் இரண்டு நாள் கரையில் உலாத்தினார். பிறகு, சரி போகலாம் என்றார். பொன்னேரி பஸ்ஸில் கம்பியைப் பிடித்தவர் ரயில் நிலையம் வரும்வரை விடவில்லை. விமானத்தில் ஏறியதும் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு கண்ணை இறுக மூடி, வாய்க்குள் முணுமுணுக்க ஆரம்பித்தார். நான் பந்தாவாக உட்கார்ந்திருந்தேன். எனக்கு இது பெரிய பஸ் மாதிரிதான் பட்டது. ஜன்னல் இருக்கிறது, சீட் இருக்கிறது, மிட்டாய்கூடக் கொடுக்கிறார்கள். இதற்கா இந்த ஆர்ப்பாட்டம் என்று அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அந்தப் பணிப்பெண் வந்தாள். அன்றைக்கு ஆட்கள் குறைவு, எல்லாரும் முன்பக்கமே உட்கார்ந்திருக்கிறீர்கள், எடை சரியாக வர வேண்டும், உங்களில் சிலர் பின் வரிசைக்குப் போய் உட்காருங்கள் என்றாள். சுற்றி இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவர் மட்டும் பட்டென்று கண்ணைத் திறந்தார்.

"இன்னாம்மா சொல்ற? ஆளு வெயிட்டு பாத்துத்தான் உக்கார வெப்பீங்களா?"

ஆமாம், எப்போதும் அதைக் கணக்குப் போட்டுத்தான் கிளம்புவோம் என்றாள் அவள்.

இவர் முகத்தில் களை திரும்பியதை நான் கண்ணால் பார்த்தேன். யாரும் சொல்லாமலே முதலில் எழுந்து, கல்யாண வீட்டில் பந்திக்குப் போகிறவர் மாதிரி பின்னால் நடந்தார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும், கால் மேல் கால் போட்டுக்கொண்டு சொன்னார்.

"இவங்களுக்குத் தொழில் தெரியுது காந்தா. படகுல ஆளு ஏத்துற மாரியேதான் ஏத்துறாங்க. இனிமே பயம் இல்ல."

என் சிரிப்பு அந்த நொடியில்தான் நின்றது. ஆள் இடம் மாறி உட்கார்ந்தால் எடை மாறும் என்றால் இது பஸ் இல்லை. இது படகு. படகு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். படகில் யாரோ ஒருத்தி எட்டித் தண்ணீரைத் தொட்டதால் கூடையோடு ஏரிக்குள் விழுந்து எழுந்தவள் நான். இங்கே விழுந்தால் இடுப்பளவு தண்ணீர் கூடக் கிடையாது.

அது கிளம்பியது. மேலே போனதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பியது. நான் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். அது மறுபக்கம் சாய்ந்தது, நானும் மாறிச் சாய்ந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாளையும் கையைப் பிடித்து இழுத்தேன். இவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மிட்டாய் கொண்டுவந்த பெண்ணிடம், என் வீட்டம்மா இருக்கிறவரை உங்கள் விமானம் கவிழாது, தைரியமாக ஓட்டச் சொல் என்றார். அந்தப் பக்கத்து ஜன்னலில் மேகம் நன்றாகத் தெரிந்தது, அதைப் பார்க்கத்தான் சாய்ந்தேன் என்று அவருக்கு அப்போதே சொல்லிவிட்டேன். இறங்கும்போது என் கழுத்துத் திரும்பவில்லை. அது ஏசிக் காற்றால் வந்தது.

காது குத்து நன்றாக நடந்தது. முடியை இறக்கியதும் குழந்தைக்கு முகம் இருப்பது தெரிந்தது, அச்சு அசலாக இவருடைய மூக்கு. மாமன் மடியில் உட்கார்ந்து அது கத்திய கத்தலில் சாந்தியின் மாமியாரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாந்தி இவர் தோளில் சாய்ந்துகொண்டு நின்றாள். 

திரும்புகிற நாள் வந்தது. குழந்தையின் காதுக்கு எண்ணெய் போட ஆள் வேண்டுமே, நான் இருந்து பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். சாந்திக்கு எண்ணெய் போடத் தெரியாது என்பதில்லை. ஆனால் பெரியவர்கள் போடுகிற மாதிரி வருமா? இவர் மட்டும் விமானத்தில் போனார். போய் இறங்கியதும் போன் செய்து, நானே எழுந்து பின்னால் போகட்டுமா என்று விமானத்தில் கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டார்கள் என்று வருத்தப்பட்டார்.

காது ஆறியது. அதன் பிறகு சாந்திக்குக் கருவாட்டுக் குழம்பு சரியாக வரவில்லை, அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு மழை. கப்பல் எப்போது வரும் என்று மாப்பிள்ளையைத் துறைமுகத்தில் விசாரித்துக்கொண்டே இருக்கச் சொன்னேன். என் கணவர் அடிக்கடி போன் செய்தார். ஒரு தேதி சொன்னார், அன்றைக்கு எனக்கு முடியாது என்றேன். இன்னொரு தேதி சொன்னார், அன்றைக்கும் எனக்கு வேலை இருந்தது. 

"இன்னாமே, அன்னிக்கு உனுக்குப் பாடா?" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

நேற்று மத்தியானம் வாசலில் ஆள் நின்ற சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், இவர். கையில் உலர்ந்த இறால் பொட்டலம். சொல்லாமல் கொள்ளாமல் ஏறி வந்திருக்கிறார். அன்றைக்கு அவருடைய பாடு என்பது எனக்கு நினைவிருந்தது, இந்தச் சுற்றில் அவருக்கு விழுந்த ஒரே நல்ல நாள். கேட்டேன். விட்டுவிட்டு வந்தேன் என்றார். திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. பயமாக இருக்கிறது என்று அவரிடம் அப்போதுதான் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. முகத்துவாரத்தில் அலை ஏறும்போது என்னிடம் பேசுவாரே, அந்தக் குரலில் பேசினார்.

"நான் சொல்ற எடத்துல உக்காரு. சாஞ்சா நீ சாய வேணாம், நான் பாத்துக்கறேன்."

நாளைக்குக் காலையில் விமானம். துணியெல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். கப்பல் வந்துவிட்டதா என்று மாப்பிள்ளையை ஒரே ஒரு முறை கேட்டேன், அவ்வளவுதான்.