ஜாடியில் இருந்தது

கல்லீரல் நோயாளிகளோடு பதினெட்டு வருடம் மல்லுக்கட்டிய நர்ஸ் வெண்மதிக்கு, யார் சொல்வதையும் நம்பும் வழக்கம் விட்டுப்போயிருந்தது. ஒரு சொட்டுத் தொடவில்லை என்று எத்தனை பேர் கற்பூரம் அடிக்காத குறையாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் பாதிப்பேர் படத்துக்கு மாலை போட்டாயிற்று.

2007-இல் விருத்தாசலத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் செவ்வாய்க்கிழமைதோறும் அவள் வகுப்பு எடுத்தாள். எடை பார்ப்பாள், வயிற்றை அளப்பாள், எதைத் தின்னக்கூடாது என்று படம் காட்டிச் சொல்வாள். பீங்கான் பொம்மைச் சூளையில் வேலை பார்த்த மாணிக்கவேலும் வருவான். தை மாதத்தோடு குடியை விட்டதாகச் சொன்னான். இனிக் குடித்தால் பிழைக்கமாட்டான் என்றார் டாக்டர். குடித்தால் பிள்ளைகளோடு போய்விடுவேன் என்றாள் அவன் மனைவி திரௌபதி. ஆனால் வற்றிய வயிறு மறுபடி நீர் கோத்து உப்பியது. வந்து உட்கார்ந்ததும் தண்ணீர் கேட்பான். கண் சிவந்திருக்கும். சூளை வெக்கை என்பான். வெண்மதிக்குச் சிரிப்புதான் வந்தது.

திரௌபதியைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாள். வீட்டில் உப்பில்லாத சோறுதான், வாடை எதுவும் இல்லை என்றாள் அவள். மதியச் சோற்றை மட்டும் யாரோடும் சேராமல் தின்கிறானாம். பையில் ஒரு ஜாடி வைத்திருக்கிறானாம், கூட வேலை செய்பவர்கள் சொன்னார்களாம். வெண்மதிக்கு அது போதும்.

"குடிக்கிறாருங்க. உங்கள நல்லா ஏமாத்துறாரு."

மறுநாளே திரௌபதி பிள்ளைகளோடு கருவேப்பிலங்குறிச்சிக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அப்போதும் வெண்மதிக்கு மனம் ஆறவில்லை, கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். ஒரு மதியம் சொல்லாமல் சூளைக்குப் போனாள். சுடாத பொம்மைகள் அடுக்கிய பலகைக்குப் பின்னால் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஜாடி. வெடுக்கென்று எடுத்து முகர்ந்தாள். வாடையே இல்லை. உள்ளே இளஞ்சிவப்பாக ஏதோ தூள். நாக்கில் வைத்தாள். கரித்தது.

"இந்துப்பு சிஸ்டர். நீங்க படத்துல கோடு போட்டு அடிச்ச பாக்கெட்டு உப்ப நான் தொடவே இல்ல. இது மருந்து, ஒண்ணும் பண்ணாதுன்னு நாட்டு மருந்துக் கடையில சொன்னாங்க. பத்தியத்த மீறுறன்னு யாராச்சும் பேசுவாங்கன்னுதான் தனியா சாப்புடறன்."

எந்த உப்பானாலும் அவன் வயிற்றில் நீரைச் சேர்க்கும் என்று அவள் ஒரு செவ்வாய்க்கிழமைகூடச் சொன்னதில்லை. மோப்பம் பிடித்தாளே தவிர, என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டதும் இல்லை. வெட்கமாக இருந்தது. அவனிடம் அதை ஒத்துக்கொண்டு, ஜாடியையும் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் கருவேப்பிலங்குறிச்சிக்குப் போனாள்.

திரௌபதி எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள்.

"பத்து வருசம் பொய் சொன்னாரு, நம்பிக் குடும்பம் பண்ணன். உண்மைய சொன்னப்பதான் சிஸ்டர், உங்க பேச்சக் கேட்டு வுட்டுட்டு வந்தன்."

திரௌபதி உள்ளே போய்ப் பிள்ளைகளின் துணிகளைப் பையில் எடுத்து வைக்கத் தொடங்கினாள்.