முன்பக்கத்துத் துணிக்கொடி

அந்த வீட்டில் காலை வெயில் முன்பக்கத்துக்குத்தான் வரும். பின்பக்கத்தைப் பக்கத்து மாடி மறைத்துக்கொள்ளும். அதனால் அவள் விடிந்ததும் படுக்கை விரிப்புகளை அலசிப் பிழிந்து, வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவே கட்டிய கொடியில் உதறிப் போடுவாள். அன்றைக்கும் அப்படி உதறிக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர்களுக்கு அந்தக் கீழ்வீட்டை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் இறங்கி வந்தார்.

"இந்தத் துணியெல்லாம் பின்னாடி காயப்போடக் கூடாதா?"

"பின்னாடி வெயிலே வராதுங்களே. சாயங்காலம் வரைக்கும் ஈரம் போகாது. நாளைக்கு அவருக்கு விரிக்க வேணும்."

"அது சரிதான்." அவர் கேட் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "பின் போர்ஷனைப் பாக்க ஆளுங்க வர்றாங்க. நுழைஞ்சதும் இத்தனை பெட்ஷீட் தொங்கினா என்ன நினைப்பாங்க? உள்ள யாரோ படுத்த படுக்கையா இருக்காங்கன்னு தெரிஞ்சுடாதா?"

"இருக்கார்தானே?" என்றாள் அவள்.

வீட்டுக்காரர் கொடியை ஒருமுறை முறைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

அவர்கள் இந்தப் புறநகர்த் தெருவுக்குக் குடிவந்ததே சத்தத்துக்குப் பயந்துதான். அவள் கணவர் வாழ்நாளெல்லாம் அச்சகத்தில் மெஷின் ஓட்டியவர். அவள் அதே அச்சகத்தில் ஒரு மூலை மேசையில் உட்கார்ந்து பிழை திருத்தியவள். மெஷின் ஓடும்போது ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டும். அப்படித்தான் ஒருநாள், "உன்னைக் கட்டிக்க ஆசைப்படறேன்!" என்று அவர் அவள் காதில் கத்திய அதே நொடியில் கரண்ட் போய் மெஷின் நின்றுவிட்டது. பைண்டிங் பகுதி வரைக்கும் எல்லாருக்கும் கேட்டது. அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் வேறு வழியில்லாமல் தலையாட்டினாள். வழி இருந்திருந்தாலும் ஆட்டியிருப்பாள் என்பது வேறு விஷயம்.

மெஷின் அவர் காதில் பாதியைத் தின்றுவிட்டது. ஓய்வு பெற்றதும், "எங்கயாவது அமைதியான இடமாப் போயிடலாம்மா" என்றார். தேடிப் பிடித்த தெரு இது. ஒரு வீட்டில் டம்ளர் உருண்டால் மூன்றாவது வீட்டில் எட்டிப் பார்ப்பார்கள். அந்தத் தெருவில் கொண்டுவந்து, தன் குரல் எவ்வளவு என்று தனக்கே தெரியாத மனிதரைக் குடிவைத்தால் என்ன ஆகும்? வந்த புதிதில் எதிர்வீட்டு டீச்சர் நேராக வந்து நின்றார்.

"உங்க ஹஸ்பண்ட் நேத்து உங்ககிட்ட ரகசியமா ஒண்ணு சொன்னாரே..."

டீச்சர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"எதிர்வீட்டம்மா நடந்து வந்தா ரோடு ரோலர் வர்ற மாதிரி இருக்குன்னு. எங்க வீட்டுக் கிச்சன் வரைக்கும் கேட்டுச்சு."

மன்னிப்புக் கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்தது. அன்றிலிருந்து டீச்சர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. விஷயத்தைச் சொன்னபோது அவள் கணவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நான் மெதுவாத்தானே சொன்னேன்!" என்று அதையும் ஊருக்கே கேட்கும்படிச் சொன்னார்.

அந்தச் சிரிப்பு இருமலில் முடிய ஆரம்பித்தது பிறகுதான். நுரையீரல் என்றார்கள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து ஓய்ந்த பிறகு, "இனி வலிக்கு மட்டும் மருந்து தர்றோம். வீட்டுலயே வெச்சு நல்லாப் பாத்துக்கோங்க" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். அவள் கட்டிலை முன் அறை ஜன்னல் ஓரமாக இழுத்துப் போட்டாள். அங்கிருந்து கேட்டும், கொடியும், தெருவில் சைக்கிள் விடும் பிள்ளைகளும் தெரியும்.

"என்னை இனிமே எங்கயும் கொண்டு போகாதே" என்றார் அவர். "இந்த ஜன்னல் போதும் எனக்கு."

"எங்கயும் கொண்டு போக மாட்டேன்" என்று அவள் அவர் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினாள். காது இன்னும் மந்தமாகி, கத்தினால்தான் கேட்கும் என்றான பிறகு அவர்கள் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

கொடியைப் பற்றிப் பேசிய வீட்டுக்காரர் இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். குழாய் ஒழுகினால் உடனே ஆள் அனுப்புவார், வாடகை ஒரு வாரம் தள்ளிப் போனாலும் முகம் கோணமாட்டார். ஆனால் பயந்த மனிதர். வேலையில் சேர்த்ததையெல்லாம் கொட்டிக் கட்டிய வீடு. அதன்மேல் ஒரு கீறல் விழுந்தாலும் தன் மேல் விழுந்ததாகத் துடிப்பவர்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. ஏதாவது ஒண்ணு ஆகறதுக்கு முன்னாடி அவரை ஆஸ்பத்திரியில சேத்துடுங்க. செலவை வேணா நான் பாத்துக்கறேன். இங்க மட்டும் வேணாம்."

"எது இங்க வேணாம்?"

"உங்களுக்குத் தெரியாதா? ஒரு வீட்டுல சாவு விழுந்துதுன்னா அப்புறம் எவன் குடி வருவான்? புரோக்கரே கூட்டிட்டு வர மாட்டான். பின் போர்ஷனும் போயிடும், இதுவும் போயிடும்."

அவள் அவரையே பார்த்தாள். "அப்ப நாங்க மாசாமாசம் குடுக்கறது உயிரோட இருக்கறதுக்கு மட்டும்தானா சார்?"

கேட்டுவிட்டாளே தவிர, பயம் அவளையும் விடவில்லை. இந்த நிலையில் வீட்டைக் காலி செய்யச் சொன்னால் அவரை எங்கே கொண்டு போவாள்? மறுநாள் விரிப்புகளைப் பின்பக்கம் கொண்டுபோய்ப் போட்டாள். அதற்கு மறுநாளும். காயாத விரிப்பில் புழுங்கல் வாடை அடித்தது. அதையே விரித்தாள். அவரைப் புரட்டிப் படுக்கவைத்தபோது முதுகு முழுக்கச் சிவந்து தடித்திருந்தது.

"ஏம்மா, மழைக்காலமா இது?" என்று கேட்டார்.

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வீட்டுக்காரர்மேல் பாதி, தன்மேல் மீதி. யாருடைய பின் போர்ஷனுக்கு ஆள் வருவதற்காகத் தன் புருஷன் ஈரத்தில் கிடக்க வேண்டும்? வீட்டில் இருந்த விரிப்பு, போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு முன்பக்கம் வந்தாள். கொடி கொள்ளாமல் கேட்டின்மேலும் விரித்தாள். மாடி பால்கனியில் வீட்டுக்காரர் நிற்பது தெரிந்தது. அண்ணாந்து பார்த்து, "நல்ல வெயில் சார் இன்னிக்கு!" என்றாள்.

அந்த வார இறுதியில், பிற்பகலில் ஒரு ஆம்புலன்ஸ் வந்து நின்றது. சைரன் போடவில்லை. போடக் கூடாது என்று சொல்லித்தான் வரவழைத்திருந்தார் வீட்டுக்காரர்.

"நானே ஏற்பாடு பண்ணிட்டேம்மா. தனி ரூம். நல்ல ஆஸ்பத்திரி. யாருக்கும் தெரியாம, சத்தமில்லாம கிளம்பிடலாம்."

அவள் வாசற்படியில் ஏறி, நிலையில் ஒரு கை, கதவில் ஒரு கை வைத்து நின்றுகொண்டாள். "யாரைக் கேட்டு வரச் சொன்னீங்க?"

"மெதுவாப் பேசுங்கம்மா, தெருவே கேக்கும்."

"கேக்கட்டும்."

"இது என் வீடும்மா!"

"வீடு உங்களுது. புருஷன் என்னோட புருஷன். அந்தக் கட்டிலைத் தொடணும்னா என்னைத் தாண்டித்தான் போகணும்."

ஜன்னலுக்குப் பின்னால் கட்டிலில் அவர் கண் திறந்தார். அவர்கள் பேசுவது காதில் விழவில்லை. ஆனால் வெள்ளை வண்டியும், ஸ்ட்ரெச்சரும், வாசலை மறித்துக்கொண்டு நிற்கும் மனைவியின் முதுகும் தெரிந்தன. அச்சகத்தில் எத்தனையோ வருஷம் கண்ணாலேயே விஷயத்தைப் புரிந்துகொண்டவர். மனைவிக்கு மட்டும் சொல்வதாக நினைத்து, ரகசியமாகச் சொன்னார்.

"ஏம்மா, சண்டை போடாதே. வீட்டுக்காரர் பாவம், பயப்படறார். நான் சத்தம் போடாம செத்துடறேன்னு சொல்லு. யாருக்கும் தெரியாது."

மூச்சு இரைத்தபடி அவர் சொன்ன அந்த ரகசியம் ஜன்னலைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, தெருவின் கோடி வரைக்கும் போனது. சைக்கிள் விட்ட பிள்ளைகள் காலை ஊன்றி நின்றார்கள். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

ஆம்புலன்ஸ் டிரைவர் ஸ்ட்ரெச்சரை மடக்கினார். "சார், பேஷன்ட்டுக்கும் இஷ்டமில்ல, அவங்க வீட்டம்மாவுக்கும் இஷ்டமில்ல. நான் ஆளைக் கட்டாயப்படுத்தித் தூக்கிட்டுப் போற வேலை பாக்கறவன் இல்ல" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

எதிர்வீட்டு டீச்சர் தெருவைக் கடந்து வந்தார். வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டி, அவருக்குக் கேட்கும்படி முழுக்குரலில் கத்தினார்.

"ரோடு ரோலர் வந்திருக்கேன் சார்! நீங்க எவ்வளவு சத்தம் வேணா போடுங்க!"

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் சிரித்தார். இருமல் வந்தது. வந்தாலும் சிரித்தார்.

வீட்டுக்காரர் நடுவாசலில் தனியாக நின்றார். "எல்லாரும் என்னையே பாத்தா எப்படி? நாளைக்கு இந்த வீட்டுக்கு எவன் குடி வருவான்? யாராவது சொல்லுங்க!"

பதில் மாடிப்படியிலிருந்து வந்தது. அவர் மனைவி பாதிப் படியில் நின்றிருந்தார். பெரிதாகப் பேசிப் பழக்கமில்லாதவர்.

"நாம எங்கங்க சாகப் போறோம்?"

"என்ன பேச்சு இது?"

"கேக்கறேன், சொல்லுங்க. இந்த வீட்டுல நாமளும் சாகக் கூடாதா? எனக்கு முடியாமப் போனா என்னையும் இப்படித்தான் சைரன் போடாம அனுப்புவீங்களா? குழந்தை பொறந்தா சக்கரை கொண்டாங்கன்னு குடித்தனக்காரங்ககிட்ட வாங்கித் திங்கறோம். செத்தா மட்டும் வெளிய போங்கன்னா அதுக்குப் பேரு வீடா? லாட்ஜுகூட அப்படிச் சொல்றதில்ல."

அந்த அம்மாள் கடைசிப் படியும் இறங்கி, கணவரைத் தாண்டி, கொடியில் காய்ந்திருந்த விரிப்பு ஒன்றை உருவி மடித்தார். "வெயில்ல நல்லாக் காஞ்சிருக்கு. வாங்க, மாத்திப் போடலாம். நீங்க ஒருத்தரா எப்படிப் புரட்டுவீங்க?" என்று அவளோடு உள்ளே நுழைந்தார்.

அதன்பிறகு அவள் கணவர் இருந்தது சில நாள்தான். அந்த நாட்களில் கதவு சாத்தியே இருக்கவில்லை. ஒரு பளிச்சென்ற காலையில், கொடியில் விரிப்புகள் அசைவதைப் பார்த்துக்கொண்டே, அவள் கை தன் உள்ளங்கையில் இருக்க, அவர் போனார். சொன்னபடியே சத்தமில்லாமல் போனார். அழுதது அவள்தான். வாய்விட்டு, தெருவே கேட்க அழுதாள். மெதுவாக அழுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் ஒவ்வொரு வீடாகப் போய் நாற்காலி கேட்டு வாங்கித் தன் கையாலேயே வாசலில் போட்டார். அவள் முகத்தை மட்டும் அவரால் பார்க்க முடியவில்லை.

பின் போர்ஷனைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். ஓரிருவர் தெருமுனையில் விசாரித்துவிட்டு, அப்படியே திரும்பியும் போனார்கள். வீட்டுக்காரர் பயந்ததில் கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்தது.

ஒருநாள் காலை, அவள் முன்பக்கக் கொடியில் தன்னுடைய ஒற்றை விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தார்கள். அந்தப் பையன் தயங்கித் தயங்கி வீட்டுக்காரரிடம் கேட்டான்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இந்த வீட்டுல யாராவது... செத்திருக்காங்களா?"

அவள் கை கொடியிலேயே நின்றது. வீட்டுக்காரர் அவள் பக்கம் திரும்பினார். அவள் கணவர் போன காலைக்குப் பிறகு அன்றுதான் அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"ஆமா தம்பி. அதோ அந்த ஜன்னல்கிட்ட. அவரை இங்கயிருந்து அனுப்பிடணும்னு நான் வண்டியே வரவெச்சேன். அந்த அம்மா வாசலை மறிச்சிட்டு நின்னாங்க. அவங்க நின்னது தப்பில்ல, நான் வண்டி கூப்பிட்டதுதான் தப்பு."

பையன் ஒன்றும் புரியாமல் தன் மனைவியைப் பார்த்தான்.

"வீடுன்னு வாடகைக்கு விட்டா, அதுல மனுஷங்க பொறப்பாங்க, நோயில படுப்பாங்க, சாவாங்க. அதுக்குச் சம்மதிக்காதவன் வீடு விடவே கூடாது." குரலைத் தாழ்த்தாமல், தெருவுக்கே கேட்கும்படித்தான் சொன்னார் அவர். "உங்களுக்குப் பயமா இருந்தா, யாருமே சாகாத வீடாப் பாத்துக் குடி போங்க. கிடைச்சா எனக்கும் சொல்லுங்க."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொடியைக் காட்டி, "வெயில் இந்தப் பக்கம்தான் வருமாக்கா? நாங்களும் இதுலயே காயப்போடலாமா?" என்று கேட்டாள்.

அவள் தன் விரிப்பை ஓரமாகத் தள்ளி இடம் விட்டாள்.